எவர்சில்வர் சம்படம்

கார்த்திகை மழை ஓய்ந்த பிறகும் அந்த வருஷம் வானம் வெளுக்கவில்லை. ஆற்றங்கரை முழுக்க மூட்டமும் பனியுமாகவே கிடந்தது. அப்படிக் கிடந்தால் அவரைக் கொடியில் அசுவினிப் பேன் விழும். சீவலப்பேரியில் ஜெய்சன் குத்தகைக்குப் போட்டிருந்த பந்தலிலும் விழுந்துவிட்டது. கொழுந்தே தெரியாமல் கறுப்பாக அப்பியிருந்தது. தொட்டால் விரலில் மை போல ஒட்டியது. பூத்த பூவெல்லாம் சுருண்டு கீழே கிடந்தது.

"மருந்து வாங்கி அடிச்சிருவோமா?" என்றான் ஜெய்சன்.

அவன் அம்மா சாரம்மாள் பந்தலுக்குள் குனிந்து நின்றபடியே சொன்னாள். "நீ அடி. காய வேற எவளையாவது விக்கச் சொல்லு. மருந்தடிச்ச காயக் கையில வச்சிக்கிட்டு, நல்ல காயி வாங்குங்கன்னு என் வாயால சொல்ல மாட்டேன்."

"பெறவு என்னதான் செய்யச் சொல்லுத?"

"சாம்பல் தூவணும்லே. வெள்ளன, எலையில பனி நிக்கையில தூவணும். அப்பத்தான் ஒட்டும்."

"சாம்பலுக்கு எங்கன போவ? ஊருல எவ வீட்டுல வெறகு எரியுது? எல்லாம் காஸு."

"டீக்கடையில கேளேன்."

"அவனும் காஸுக்கு மாறிட்டான். செங்கச் சூளையில கெடக்கு, பூராவும் மண்ணும் கல்லும். தூவுனா பேன் சாவாது, எலைதான் கிழியும்."

"சாம்பலுக்குப் பஞ்சம் வருமின்னு நான் நெனைக்கவே இல்ல," என்று சாரம்மாள் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் இப்படிப் பேசி இரண்டு மூன்று நாள் இருக்கும். ஜெய்சனின் மனைவி ரீபா, காலையில் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ரீபாவுக்கு ஜங்ஷனில் வேலை. சென்னையிலிருந்து மத்தியானம் புறப்பட்டு அன்றைக்கு ராத்திரியே திருநெல்வேலி வந்து சேருகிற வந்தே பாரத் வண்டியைக் கூட்டித் துடைத்துக் காலைக்குத் தயார்ப்படுத்துகிற கூட்டத்தில் அவளும் ஒருத்தி. காண்ட்ராக்ட் ஆள். வந்ததும் வராததுமாகப் பையிலிருந்து ஒரு எவர்சில்வர் சம்படத்தை எடுத்து அத்தை முன்னால் வைத்தாள்.

"இது என்னதுட்டி?"

"திறந்து பாருங்க அத்தை."

மூடி இறுக்கமாக இருந்தது. சாரம்மாள் முந்தானையைப் போட்டுத் திருகித் திறந்தாள். உள்ளே விளிம்பு வரைக்கும் சாம்பல். வெள்ளைக்கும் சாம்பல் நிறத்துக்கும் நடுவில், சலித்த மாவு மாதிரி இருந்தது.

"ஏ மக்கா, கர்த்தர் பாத்து அனுப்புன மாதிரில்ல இருக்கு. ஏது?"

"வண்டியில கெடந்துச்சு. கடைசி வரிசையில, சீட்டுக்கு அடியில. எல்லாரும் எறங்கிப் போனதுக்குப் பெறவு."

"சாம்பல எவன் ரயிலுல கொண்டு வாரான்?" என்றான் ஜெய்சன்.

"மெட்ராஸ்ல மாடியில தோட்டம் போடுதாங்கல்லா, அதுக்கு வாங்குதாங்களாம். கூட வேல பாக்குத நிஷாக்கா சொல்லுதா. வறட்டியையே போன்ல ஆர்டர் போட்டு வாங்குதான், சாம்பல வாங்க மாட்டானான்னு கேக்கா."

ஜெய்சன் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தான். "நான் இன்னும் அந்த வண்டியில ஒரு தடவகூட ஏறல. சாம்பல் ஏசியில உக்காந்து வந்திருக்கு பாரு."

"கெடந்தத பூதலிங்கம் அண்ணாச்சிட்டல்லா குடுக்கணும்?" என்றாள் சாரம்மாள். பூதலிங்கம்தான் அந்தக் கூட்டத்துக்கு சூப்பர்வைசர்.

"முந்தி ஒரு கொடையும் ஒரு தண்ணி பாட்டிலும் கொண்டு குடுத்தேன். குப்பையெல்லாம் என் தலையில கொண்டாந்து கொட்டாதன்னாரு. இப்பச் சாம்பலக் கொண்டு நீட்டுனா சிரிக்க மாட்டாரா?"

சொன்னது உண்மைதான். ஆனால் அவள் மனதில் நின்றது சாம்பல் இல்லை, சம்படம். அந்தக் காலத்துக் கனத்த பாத்திரம். இப்போது கடையில் வாங்குவது தட்டினால் நசுங்குகிறது. இது கையில் வாங்கியதுமே ஒரு நிறைவைக் கொடுத்தது. பக்கவாட்டில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. மு. சண்முகவடிவு. ரீபா பஸ்ஸில் வரும்போதே அந்தப் பேரைப் பெருவிரலால் தடவிக்கொண்டுதான் வந்தாள். யாரோ ஒருத்தி கல்யாணத்துக்கு வந்த பாத்திரம் என்று நினைத்தாள். அதற்கு மேல் நினைக்கவில்லை.

மறுநாள் பனியோடு பனியாக மூன்று பேரும் பந்தலுக்குப் போனார்கள். சாரம்மாள் பழைய வேட்டித் துணியில் சாம்பலைப் பொட்டலமாகக் கட்டி, கொடிக்கு மேலே பிடித்துக் குச்சியால் பையத் தட்டினாள். அப்படித் தட்டினால்தான் ஒரே சீராக விழும். ஜெய்சன் கொடியைப் புரட்டிப் புரட்டி இலைக்கு அடியைக் காட்டினான். இலை, கொழுந்து, பந்தல்கால், மூன்று பேர் தலை, எல்லாம் வெள்ளையாகிவிட்டது.

"பவுடர் போட்டுக் கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி இருக்கே," என்று ரீபா அத்தையைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீ மட்டும் என்ன, கண்ணாடியில பாரு. மிச்சம் இருக்கா?"

"கொஞ்சம் கெடக்கு."

"தூருல தட்டிரு. உரத்துக்கு ஆவும்."

கொடி பிழைத்துக்கொண்டது. பேன் காய்ந்து உதிர்ந்தது. வெயிலும் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. புதுக்கொழுந்து விட்டு, ஊதாப் பூ கொத்துக் கொத்தாக நின்று, காய் பிடித்தது. முதல் பறிப்பில் சாரம்மாள் தேங்காய் அரைத்துப் போட்டுப் பொரியல் வைத்தாள். மறுநாள் நெத்திலிக் கருவாட்டோடு அவரைக்காயைப் போட்டுக் குழம்பு. ஜெய்சன் சட்டியை வழித்துத் தின்றான். மிச்சத்தைச் சாரம்மாள் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய்க் கூறு வைத்து விற்றாள். சர்ச் குருவானவர் மனைவியை அங்கே ஐயரம்மா என்பார்கள். அவர்களுக்கும் ஒரு கூறு கொடுத்துவிட்டு வந்தாள். இந்த வருசம் பொங்கலுக்கு நம்ம பந்தல் காய்தான் என்று ஜெய்சன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

சம்படத்தை ரீபா புளி போட்டுத் துலக்கி, கருப்பட்டி போட்டு வைத்தாள்.

*

அந்த ஆள் வந்தது ஒரு சாயங்காலம். பிளாட்பாரத்தில் அப்போதுதான் விளக்குப் போட்டிருந்தார்கள். வண்டி வர நேரம் இருந்தது. ரீபாவும் கமர் நிஷாவும் பிளாட்பாரத்துக் கடைசியில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கமர் நிஷா மேலப்பாளையத்துக்காரி. வயதில் மூத்தவள், வாய் ஓயாதவள்.

வந்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். மொட்டை போட்டு முடி குத்துக் குத்தாக முளைத்திருந்தது. பேண்ட்டும் சட்டையும் நன்றாகத்தான் இருந்தன, ஆனால் ஆள் தூங்கி நாளானவர் மாதிரி இருந்தார்.

"அம்மா, நீங்கதானே இந்த வண்டியைச் சுத்தம் பண்றவங்க? நான் செல்வமணி. சென்னையிலிருந்து வரேன். அன்னைக்கே ஸ்டேஷன் ஆபீஸ்ல சொல்லி வச்சேன். நடுவுல பதினாறாம் நாள் காரியம், போயிட்டேன். ஒரு பொருள் விட்டுட்டேன்."

"என்ன பொருளு சார்?" என்றாள் கமர் நிஷா.

"எவர்சில்வர் சம்படம். பேர் வெட்டியிருக்கும். மு. சண்முகவடிவுன்னு."

கமர் நிஷா ரீபாவைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்தாள்.

"பாக்கலையே சார்," என்று ரீபா சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று தெரிந்தது.

"கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கம்மா. கடைசி வரிசை. காலடியில வச்சிருந்தேன். சம்படம் போனாப் போகுது. அதுல இருந்ததுதான்."

"அதுல என்ன சார் இருந்துச்சு?"

"எங்கம்மா," என்றார் அவர்.

ரீபா முதலில் போட்டோ என்று நினைத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த நினைப்பு நிற்கவில்லை.

"எலும்பை அங்கேயே கடல்ல கரைச்சுட்டோம். மிச்சம் இருந்த சாம்பலை இந்த ஆத்துல விடணும்னு கொண்டு வந்தேன். அவங்க சீவலப்பேரிதான், அங்கதான் பொறந்தாங்க. மண் கலயத்துல துணி கட்டித்தான் குடுத்தாங்க. பக்கத்துல உட்கார்றவங்க முகம் சுளிப்பாங்களேன்னு நான்தான் அவங்க சம்படத்துலயே மாத்தினேன். வண்டி நிக்கறதுக்கு முன்னாடியே எல்லாரும் எழுந்து நின்னுட்டாங்க. எனக்கு ஆபீஸ்லேர்ந்து போன். பேசிக்கிட்டே இறங்கிட்டேன். பையை எடுத்தேன். சார்ஜரைக்கூட எடுத்தேன்."

கமர் நிஷா வாளியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"வண்ணார்பேட்டையில சித்தப்பா வீட்டுல இருக்கேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருப்பேன். கிடைச்சா ஒரு வார்த்தை சொல்லுங்க." நம்பரைச் சொன்னார். ரீபா தன் போனில் போட்டுக்கொண்டாள். இரண்டு தரம் தப்பாகப் போட்டு அழித்தாள்.

அவர் போன பிறகு கமர் நிஷா சொன்னாள். "ஏளா, நான்தாளா தோட்டத்துக்குன்னு சொன்னேன்."

"நீ சொன்ன. எடுத்தது நாந்தான."

"எங்காளுகளும் அடக்கந்தான், ஒங்காளுகளும் அடக்கந்தான். சாம்பலக் கண்டா நமக்கு என்ன தோணும்? சட்டி வெளக்கத்தான் தோணும். மண் கலயத்துல கெடந்தா தொட்டிருப்பமா?"

"இல்லன்னு சொல்லிட்டேனே நிஷாக்கா."

"ஆமான்னு சொன்னா நாளைக்கு வேல இருக்குமா? சொன்னது சரிதான். அந்தச் சம்படத்த ஆத்துல விட்டெறிஞ்சிட்டுச் சும்மா இரி." சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, "என்ன செஞ்ச அத?" என்று கேட்டாள்.

ரீபா சொன்னாள். கமர் நிஷா தலையில் கிடந்த துணியை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

*

காலையில் வீட்டுக்கு வந்ததும் ரீபா கருப்பட்டியை எடுத்துத் தாளில் கொட்டினாள். சம்படத்தைக் கழுவினாள். துடைத்தாள். மறுபடியும் கழுவினாள்.

"என்னட்டி, வந்த கையோட? சாப்புடு. பழையதும் அவரைக்கா வதக்கலும் இருக்கு."

"எனக்கு வேண்டாம் அத்தை."

"மேலுக்குச் சொகமில்லையா?"

ரீபா அடுப்படியிலேயே உட்கார்ந்து சொல்லி முடித்தாள். ஜெய்சன் கும்பாவில் கையை வைத்தபடி இருந்தான். வதக்கல் பாதி தின்றிருந்தான். கையை எடுத்து வேட்டியில் துடைத்தான். பிறகு எழுந்து வெளியே போய்க் கழுவிக்கொண்டு வந்தான்.

சாரம்மாள் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தாள். "நாந்தான தட்டுனேன்," என்றாள். "கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரின்னு நீ சொல்ல, நானும் சிரிச்சேனே. ஐயரம்மாவுக்கு ஒரு கூறு குடுத்தேனே. அந்தம்மா நல்லாருக்குன்னு மறுபடியும் கேட்டு விட்டாங்களே."

"அத ஏன் இப்பச் சொல்லுத?" என்றான் ஜெய்சன்.

"பெறவு எப்பச் சொல்ல?"

ஜெய்சன் கும்பாவை ஓரமாக நகர்த்தி வைத்தான். "இங்க பாரு. நான் நாங்குநேரிப் பக்கம் போயி, அங்கன ஒரு ஓட்டல்ல இன்னும் வெறகுதான் எரிக்கான், நல்ல சாம்பலா வாங்கி வாரேன். சலிச்சி இதுல போட்டுக் குடுத்திரு. வேற பெட்டியில கெடந்துச்சி, இப்பத்தான் ஆப்புட்டுன்னு சொல்லு. அவரு ஆத்துல விட்டுட்டுத் திருப்தியாப் போவாரு. ஒன் வேலையும் இருக்கும்."

"ஓட்டல் சாம்பலையா?"

"சாம்பல்ல என்னட்டி ஓட்டல் சாம்பலு, வீட்டுச் சாம்பலு?"

"அம்மான்னு சொன்னாருங்க அவரு. அஸ்தின்னுகூட மொதல்ல சொல்லல. எங்கம்மான்னாரு. அவரு கையில இட்லி அவிச்ச சாம்பலக் குடுக்கச் சொல்லுதியளா?"

"இல்லாதத எங்கட்டி போயிக் கொண்டாருவ? அதான் பந்தல்ல தட்டியாச்சே."

அவன் எரிச்சலில் சொன்ன வார்த்தைதான். ரீபா அதைப் பிடித்துக்கொண்டாள். இருந்தால் அந்தப் பந்தலில்தானே இருக்கும். அன்றைக்கு அவள் தூங்கவில்லை. வேலைக்கும் போகவில்லை, காய்ச்சல் என்று பூதலிங்கத்திடம் சொல்லும்படி கமர் நிஷாவுக்குப் போன் போட்டாள்.

மறுநாள் விடிந்து ஜெய்சன் தோட்டத்துக்குப் போனபோது பந்தலில் பாதி இல்லை. ரீபா அரிவாளும் கையுமாக நின்றாள். கொடியெல்லாம் பூவும் பிஞ்சுமாகத் தரையில் கிடந்தது. சாரம்மாள் அதை வாரிக் களத்துப் பாறையில் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, பைத்தியமா ஒனக்கு?"

"கிட்ட வராதிங்க."

"பொங்கலுக்கு இன்னும் எத்தன நாளு இருக்கு? காயி தொங்குதுட்டி, கண்ணு தெரியலயா? யம்மா, நீயுமா?"

சாரம்மாள் நிமிரவில்லை. "இனிமே இந்தக் காய நான் எந்த முகத்த வச்சிக்கிட்டு விக்க? மருந்தடிச்ச காயவே விக்க மாட்டேன்னவ நான்."

"தெரியாமச் செஞ்சதுக்கு இம்புட்டா?"

"தூவுனது தெரியாமச் செஞ்சது," என்றாள் ரீபா. "சம்படத்த எடுத்தது தெரிஞ்சிதான எடுத்தேன். சாம்பலுக்கா எடுத்தேன்? சம்படத்துக்கு ஆசப்பட்டு எடுத்தேன். அவரு வந்து கேட்டப்ப இல்லன்னு சொன்னதும் தெரிஞ்சிதான்."

ஜெய்சன் பந்தல்காலை ஓங்கி ஒரு உதை விட்டான். அது சாயவில்லை. ஆற்றுப் பக்கம் போய், கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வெயில் ஏறும் வரைக்கும் அங்கேயே இருந்தான். திரும்பி வந்து, வெட்டின கொடியை மேலும் கீழுமாகப் புரட்டிப் போட்டான். மார்கழி வெயிலுக்குப் பச்சைக்கொடி எப்படிக் காயும்? சனிக்கிழமை வரைக்கும் போட்டும் பாதி காய்ந்தும் பாதி வதங்கியும்தான் கிடந்தது.

"ரெண்டு காஞ்ச ஓலையப் போட்டுப் பத்த வச்சா எரிஞ்சிரும்," என்றான்.

"ஓலை வேண்டாம். வேற எதுவும் சேக்கக் கூடாது."

"சீமெண்ணெய்?"

"வேண்டாம்ங்கேன்லா."

சருகைக் கூட்டித் தீ வைத்தார்கள். எரிவதை விடப் புகைவதுதான் அதிகம். ரீபா குனிந்து ஊதி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்துபோனாள். தூருக்கடியில் இருந்த மேல்மண்ணையும் ஒரு கை அள்ளித் தீயில் போட்டாள், கடைசியாகத் தட்டினது அங்கேதான் என்று. ஆறின பிறகு துணியில் சலித்து எடுத்தார்கள். அத்தனை பெரிய பந்தலுக்கு அரைச் சம்படம்கூட வரவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை. சாரம்மாளும் ஜெய்சனும் சர்ச்சுக்குப் போய்விட்டார்கள். முதல் மணி அடித்தபோது ரீபா ஆற்றுப் படித்துறையில் நின்றாள். முந்தின நாளே செல்வமணிக்குப் போன் போட்டிருந்தாள். "சம்படம் கெடச்சிட்டு சார். ஜங்ஷனுக்கு வேண்டாம், சீவலப்பேரிக்கே வந்திருங்க" என்று மட்டும் சொன்னாள்.

டவுன் பஸ்ஸில் தனியாகத்தான் வந்தார். வேட்டி கட்டியிருந்தார். அவளைக் கண்டதும் ஓட்டமும் நடையுமாகப் படியிறங்கினார். சம்படத்தை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"இதுலதான் முறுக்கு போட்டு வைப்பாங்க. எங்களுக்கு எட்டக்கூடாதுன்னு பரண் மேல. உங்களை மறக்க மாட்டேம்மா. எங்க கிடைச்சுது?"

"முதல்ல அவுகள ஆத்துல விடுங்க சார்," என்றாள் ரீபா.

அது மூன்று ஆற்றுத் தண்ணீர் சேருகிற இடம். மழைத்தண்ணீர் வடிந்து ஆறு தெளிந்து ஓடியது. அவர் முழங்கால் ஆழத்துக்கு இறங்கினார். கிழக்கே பார்த்து நின்று, மூடியைத் திறந்தார்.

திறந்தவர் அப்படியே நின்றார்.

"கறுப்பா இருக்கே. இப்படி இல்லையே."

ரீபா படியில் நின்றாள். சர்ச்சில் பாட்டு ஆரம்பித்திருந்தது. காற்று வாக்கில் விட்டு விட்டுக் கேட்டது. அவர் விரலை உள்ளே விட்டு எதையோ எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"அவர விதை, சார். வேவாமக் கெடந்திருக்கு."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். இதற்கு மேலும் ஒரு பொய் சொல்ல வழி இருந்தது. சூப்பர்வைசர் மேலே போடலாம், வேறு யார் மேலேயும் போடலாம். ரீபா தண்ணீரில் இறங்கினாள்.

"நாந்தான் எடுத்தேன் சார். அன்னைக்கு ஒங்ககிட்ட இல்லன்னு சொன்னதும் நாந்தான். என்னன்னு தெரியாது. செடிக்குப் பேன் விழுந்து கெடந்துச்சி. தூவிட்டோம். பூராவும் தூவிட்டோம். ஒங்க அம்மா இருந்தது அந்தக் கொடியிலதான். அத வெட்டி எரிச்சிக் கொண்டாந்திருக்கேன். வேற ஒரு ஓலகூடச் சேக்கல. எனக்கு வேற வழி தெரியல."

அவர் உள்ளங்கையிலிருந்த விதையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"காய்ச்சுதா?"

"காய்ச்சிச்சி."

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டோம் சார்."

"வித்தீங்களா?"

"வித்தோம்."

அவர் தண்ணீரைப் பார்த்தார். "அம்மாவுக்கு அவரைக்காய் ஆகாது," என்றார். "வாயு. தொடவே மாட்டாங்க."

ரீபா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஏசணும்னா ஏசுங்க சார். ஆபீஸ்ல சொல்லணும்னாலும் சொல்லுங்க. வேல போனாப் போவுது."

"ஆபீஸ்ல என்னன்னு சொல்றது? இந்தம்மா எடுத்தாங்கன்னு சொன்னா, நீ ஏன்யா விட்டுட்டு எறங்குனன்னு கேப்பான்ல." அந்த 'கேப்பான்ல' அவர் வாயில் அத்தனை நேரம் இல்லாத ஊர்ப்பேச்சு. "அம்மா ஊருக்குப் போகணும்னு கேட்டப்பல்லாம், ராத்திரி பூரா வண்டியில உட்கார முடியாதும்மா, உனக்குக் கால் வீங்கும்னு சொல்லிச் சொல்லியே வருஷக்கணக்கா ஏமாத்தினேன். இந்த வண்டி விட்டதும், எட்டு மணி நேரந்தானாமேடா, கூட்டிட்டுப் போய் ஆத்துல ஒரு முங்கு போட வச்சுக் கூட்டிட்டு வந்துருன்னாங்க. டிக்கெட் கிடைக்கலம்மான்னேன். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் கிடைக்கலம்மான்னேன்."

"பண்டிக நாளுன்னா கெடச்சிருக்காது சார்."

"நான் பார்க்கவே இல்ல," என்றார் அவர். "ஒரு தடவைகூடப் போனைத் திறந்து பார்க்கல."

சம்படத்தைச் சாய்த்தார். கறுப்புச் சாம்பல் தண்ணீரில் ஒரு திட்டாக மிதந்து, ஓரம் பிரிந்து, நீண்டு, போய்க்கொண்டே இருந்தது. கையிலிருந்த விதையையும் விட்டார். அது மட்டும் சட்டென்று மூழ்கியது. அவர் மூன்று முறை முங்கி எழுந்தார். சம்படத்தை அலசிப் படியில் கவிழ்த்து வைத்தார். தலையைத் துவட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஏறினார்.

பஸ் சத்தம் கேட்டபோதுதான் ரீபா படியைப் பார்த்தாள். சம்படம் அங்கேயே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஈரச் சேலை காலைத் தட்ட ஓடினாள்.

"சார், சம்படம். சார்."

பஸ் நகர ஆரம்பித்திருந்தது. அவர் ஜன்னலோரம் இருந்தார். அவளைப் பார்த்தார். அவள் கையில் இருந்ததையும் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தை முன்பக்கம் திருப்பிக்கொண்டார்.

*

மறுநாள் ராத்திரி ரீபா நேரே பூதலிங்கத்தின் மேஜைக்குப் போனாள். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். சம்படத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"காய்ச்சல் விட்டுட்டா? இது என்னது?"

"வண்டியில கெடந்துச்சு அண்ணாச்சி. கடைசி வரிசையில, சீட்டுக்கு அடியில."

"எப்ப?"

"முந்தியே. நான் வீட்டுக்குக் கொண்டு போயிட்டேன்."

அவர் டீயை வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். கவிழ்த்துத் தட்டினார்.

"காலிச் சம்படம். இதுக்கா மொகத்த இப்படி வச்சிக்கிட்டு நிக்க? எவன் வந்து கேக்கப் போறான்? நல்ல கனமான ஏனம். நீயே வச்சிக்க."

"வேண்டாம் அண்ணாச்சி."

"அட, சும்மா கொண்டு போம்மா." திருப்பி அவள் பக்கம் தள்ளும்போது வெட்டியிருந்த பேர் அவர் கண்ணில் பட்டது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுத்துக் கூட்டினார். "மு. சண்முக... வடிவு. யாரு இது, ஒனக்குத் தெரிஞ்சவங்களா?"

தூரத்தில் வண்டி வருகிறது என்று மைக்கில் சொன்னார்கள். கமர் நிஷா வாளியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ரீபாவும் துடைப்பத்தை எடுத்தாள்.

"இல்ல அண்ணாச்சி," என்றாள். "இந்த வண்டியில வந்தவுக."